யோசிப்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்

இங்கிலாந்தில் ஒரு கொலை வழக்கில் சாட்சி விசாரணை முடிந்ததும் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி தனியறைக்குப் போகிறது. கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் உரிய வினைச்சொல் ‘டெலிபரேட்’. குற்றம் சாட்டப்பட்டவர் கொலையை முன்கூட்டியே மனத்தில் திட்டமிட்டிருந்தாரா என்ற கேள்விக்கு உரிய சொல் ‘ப்ரீமெடிடேட்’. தண்டனை எவ்வளவு என்று முடிவெடுக்குமுன் நீதிபதி அவருடைய வயதையும் பழைய நடத்தையையும் ‘கன்சிடர்’ செய்கிறார். சிறைக்குப் போனவர் நடந்ததையே நினைத்து நினைத்து மருகினால் அது ‘ப்ரூட்’. நான்கும் யோசிப்பதுதான். ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. ஜூரி ‘ப்ரூட்’ செய்தது என்று எழுதினால், பன்னிரண்டு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றே ஆங்கில வாசகர் புரிந்துகொள்வார்.

நம் மாணவர்கள் கையில் இருக்கும் போட்டித் தேர்வு நூல்களில் இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே வரியில், நடுவே சமக்குறி போட்டு அச்சிடப்பட்டிருக்கின்றன. ‘பாண்டர்’ என்றால் ‘கன்சிடர்’, ‘கன்சிடர்’ என்றால் ‘ரிஃப்ளெக்ட்’, ‘ரிஃப்ளெக்ட்’ என்றால் ‘ரூமினேட்’. அந்த வரியை மனப்பாடம் செய்த பிள்ளை தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடுகிறது. பிறகு வேலைக்கு மனுப்போடும்போது, தன் விண்ணப்பத்தை ‘ரூமினேட்’ செய்யும்படி அதிகாரியைக் கேட்டு எழுதிவிடுகிறது. பிள்ளையின் மேல் பிழையில்லை. சொல்லிக்கொடுத்த முறையில்தான் பிழை. இந்தச் சொற்களைப் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது என்று யாரும் அந்தப் பிள்ளைக்குக் காட்டவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் யோசனைச் சொற்களைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இந்த யோசனையின் முடிவில் ஒரு தீர்மானம் காத்திருக்கிறதா, இல்லையா? ‘கன்சிடர்’, ‘டெலிபரேட்’, ‘வெய்’, ‘மல்’ ஆகியவற்றின் முன்னால் ஒரு தீர்மானம் நிற்கிறது. ‘மியூஸ்’, ‘ரூமினேட்’, ‘ப்ரூட்’, ‘ரிஃப்ளெக்ட்’ ஆகியவற்றுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ‘பாண்டர்’, ‘கான்டெம்ப்ளேட்’ இரண்டும் எல்லைக்கோட்டின் மேல் நிற்பவை. எத்தனை பேர் சேர்ந்து யோசிக்கிறார்கள், யோசிப்பவரின் மனநிலை என்ன என்பவை இதற்கு அடுத்த கேள்விகள்.

சமக்குறி போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஐரோப்பாவில் ஒருபொருட் சொற்களைப் பற்றி முதலில் எழுந்த நூல்கள் வேறுபாட்டைக் காட்டவே எழுதப்பட்டன. 1718இல் பிரெஞ்சு மொழிக்கு அபே ஜிரார் எழுதிய நூல் அப்படிப்பட்டது. அதைப் பின்பற்றி ஆங்கிலத்தில் ஜான் ட்ரஸ்லர் 1766இலும், ஹெஸ்டர் பியோட்ஸி 1794இலும், ஜார்ஜ் கிராப் 1816இலும் நூல்கள் வெளியிட்டார்கள். ஒன்றுபோல் தோன்றும் சொற்கள் ஒன்றல்ல என்று நிறுவுவதே இவர்கள் எல்லோரின் நோக்கம்.

1852இல் பீட்டர் மார்க் ரோஜெட்டின் ‘தெசாரஸ்’ வந்தபோது திசை மாறியது. ரோஜெட் ஒரு மருத்துவர். இலண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளராக நெடுங்காலம் இருந்தவர். 1805இலேயே தம் சொந்த உபயோகத்துக்காக ஒரு சொற்றொகுதியைத் தயாரித்து வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற பின் அதை விரித்து, எழுபத்து மூன்றாம் வயதில் வெளியிட்டார். உலகத்துக் கருத்துகளையெல்லாம் ஆறு பெரும் வகுப்புகளாகவும், அவற்றுக்குள் ஆயிரம் தலைப்புகளாகவும் பகுத்து, ஒவ்வொரு தலைப்பின் கீழும் சொற்களைக் குவித்தார். பொருள் விளக்கம் தரவில்லை. தர வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அவர் மனத்தில் இருந்த வாசகர் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர். சொற்களையெல்லாம் ஏற்கெனவே அறிந்தவர். எழுதும் நேரத்தில் ஒன்று நினைவுக்கு வராமல் தடுமாறுபவர். அப்படிப்பட்டவருக்குப் பட்டியலே போதும். பார்த்தவுடன் உரியதைப் பொறுக்கிக்கொள்வார்.

அந்தப் பட்டியலை, சொற்களை இனிமேல்தான் கற்கப்போகிறவன் கையில் கொடுத்ததுதான் கோளாறு. நம் மரபில் நிகண்டுகளுக்கும் இதே இயல்பு உண்டு. சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளில் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வாரியாகப் பகுத்து, ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களை அடுக்கித் தருகிறது. ரோஜெட்டுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது அது. செய்யுள் இயற்றுகிறவனுக்கு எதுகையும் மோனையும் தேட உதவிய கருவி. அதை வைத்து ஒருவர் புதிதாகத் தமிழ் பேசக் கற்க முடியாது.

ஆங்கிலத்துக்கு இத்தனை சொற்கள் சேர்ந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ‘திங்க்’, ‘வெய்’, ‘ரெக்கன்’, ‘ப்ரூட்’ ஆகியவை பழைய ஜெர்மானியக் கிளையிலிருந்து வந்த வீட்டுச் சொற்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு ஆட்சிமொழியானது; ‘மியூஸ்’, ‘கன்சிடர்’, ‘பாண்டர்’ போன்றவை பிரெஞ்சின் வாசல் வழியே நுழைந்தன. மறுமலர்ச்சிக் காலத்தில் படித்தவர்கள் இலத்தீனிலிருந்தே நேரடியாக அள்ளினார்கள். ‘ரூமினேட்’, ‘காஜிடேட்’ எல்லாம் அப்போது புழக்கத்துக்கு வந்தவை. அதனால் இன்றும் வீட்டுச் சொற்கள் பேச்சிலும், இலத்தீன் சொற்கள் எழுத்திலும் சபையிலும் உலவுகின்றன. ‘காஜிடேட்’ பேச்சில் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. இன்று ஒருவர் சாதாரணமாக அதைச் சொன்னால் வலிந்து சொல்வதாகவே படும். மாணவர்கள் அதைத் தொடாமல் விட்டுவிடலாம்.

வேர்களுக்குள் இறங்கினால் இச்சொற்களின் குணம் விளங்கத் தொடங்குகிறது. மனத்துக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் மனிதர்கள் கண்ணால் பார்க்கும் ஒரு செயலின் பெயரை எடுத்து அதற்கு வைத்தார்கள். ஈவ் ஸ்வீட்சர் என்ற மொழியியலாளர் 1990இல் எழுதிய நூலில் இந்தப் போக்கை விரிவாக ஆராய்ந்தார். உடலின் செயல்களைச் சொல்லும் சொற்களே காலப்போக்கில் மனத்தின் செயல்களுக்கு ஆகிவருகின்றன. அதுவும் தற்செயலாக இல்லாமல் ஒரு ஒழுங்கோடு நடக்கிறது என்பது அவர் கண்டது. யோசனைச் சொற்களில் அந்த ஒழுங்கு பளிச்சென்று தெரிகிறது.

முதல் குடும்பம் தராசுக் குடும்பம். ‘வெய்’ என்றால் நிறுத்துப் பார்ப்பது. இன்றும் மூட்டைக்கும் ஆகும், வாதத்துக்கும் ஆகும். ‘பாண்டர்’ இலத்தீனில் எடை என்று பொருள்படும் ‘பாண்டுஸ்’ என்ற சொல்லின் பிள்ளை. ‘டெலிபரேட்’ தராசு என்று பொருள்படும் ‘லிப்ரா’விலிருந்து வந்தது, துலா ராசிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் அதுவே. ரோமானியர்கள் ஓர் எடையளவை ‘லிப்ரா பாண்டோ’ என்றார்கள். அந்தத் தொடரின் பின்பாதியை எடுத்து ஆங்கிலேயர் ‘பவுண்டு’ என்று பேசினார்கள். முன்பாதியின் சுருக்கத்தை ‘எல்பி’ என்று எழுத்தில் வைத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் நாணயத்தின் குறியாக இருக்கும் வளைந்த ‘எல்’ எழுத்தும் ‘லிப்ரா’வின் முதலெழுத்துதான். ஆக, ‘பாண்டர்’, ‘டெலிபரேட்’ என்ற இரண்டு யோசனைச் சொற்களும் ஒரே பழைய அளவைத்தொடரின் இரண்டு பாதிகளோடு உறவுடையவை. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு அந்த இரண்டு சொற்களும் குழம்பியதில்லை. ‘பாண்டர்’ என்பது ஒரு பொருளின் பாரத்தை உணர்வது. ‘டெலிபரேட்’ என்பது இரண்டு தட்டுகளில் எது தாழ்கிறது என்று பார்ப்பது. ஒருவர் தனியாகப் ‘பாண்டர்’ செய்துகொண்டே இருக்கலாம். இரண்டு தரப்பு இல்லாத விஷயத்தில் ‘டெலிபரேட்’ செய்ய எதுவுமில்லை.

இரண்டாவது குடும்பம் வானத்தைப் பார்ப்பது. ரோம் நகரத்துக் குறிசொல்லும் பூசாரி கையிலிருந்த கோலால் வானத்தில் ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதற்குள் பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்று கவனிப்பார். அந்த எல்லைக்குப் பெயர் ‘டெம்ப்ளும்’. கோயிலைக் குறிக்கும் ‘டெம்பிள்’ அதிலிருந்து வந்தது. ‘கான்டெம்ப்ளேட்’ என்பதும் அதிலிருந்துதான் வந்தது. ‘கன்சிடர்’ என்பதில் விண்மீனைக் குறிக்கும் ‘சிடுஸ்’ இருப்பதாகப் பழைய ரோமானிய இலக்கணக்காரர்களே சொன்னார்கள்; இன்றைய அகராதிகள் ‘இருக்கலாம்’ என்ற எச்சரிக்கையோடு அதைத் தருகின்றன. ‘ஸ்பெகுலேட்’ காவற்கோபுரத்தைக் குறிக்கும் ‘ஸ்பெகுலா’விலிருந்து வந்தது. கோபுரத்தின் மேல் நின்று தொலைவில் வருவதைக் கவனிப்பது அதன் பழைய பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் அது சந்தைக்குள் நுழைந்து, விலை ஏறும் என்று ஊகித்து வாங்கிப்போடுவதையும் குறிக்கத் தொடங்கியது.

மூன்றாவது குடும்பம் தொழுவத்திலும் கோழிக்கூட்டிலும் பிறந்தது. அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

வேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்பாட்டை அது தனியாகத் தீர்மானிப்பதில்லை. சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதே தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதை வற்புறுத்தினார். அவர் வழிவந்த ஜான் சின்க்ளேர், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கணினியில் திரட்டிய உண்மையான ஆங்கில வாக்கியங்களை அடிப்படையாக வைத்து ‘கோபில்ட்’ அகராதியை 1987இல் கொண்டுவந்தார். அந்த அகராதி பொருளை முழு வாக்கியமாகவே விளக்கியது: யார் செய்கிறார், எதைச் செய்கிறார், எந்தச் சூழலில் என்பதெல்லாம் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடும். கற்பவர்களுக்கு ஆங்கில அகராதி வரலாற்றில் கிடைத்த பெரிய உபகாரம் அது என்பேன்.

‘கன்சிடர்’ என்பதை எடுத்துக்கொள்வோம். இந்தக் கூட்டத்தில் மிக அதிகமாகப் புழங்குவது இதுதான். முதலில் கற்க வேண்டியதும் இதுதான். இதற்குப் பின்னால் பெயர்ச்சொல் நேரடியாக வரும்; இடையில் ‘அபவுட்’ வராது. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதும் அதே பழக்கத்தில் ‘கன்சிடர் அபவுட்’ என்றும் நம் பக்கத்தில் எழுதிவிடுகிறோம். வினை பின்தொடர்ந்தால் ‘இங்’ வடிவம் வர வேண்டும். ‘டு’ போட்டு வரக்கூடாது. ஒன்றை ஒன்றாக மதிப்பதற்கும் இதே சொல்: ஒருவரை நண்பராகக் ‘கன்சிடர்’ செய்கிறேன் எனலாம். தமிழின் ‘கருது’ இந்த இரண்டாவது வேலையை அப்படியே செய்கிறது. இதிலிருந்து பிறந்த ‘கன்சிடரேட்’ பிறர் நலம் எண்ணுபவரைக் குறிக்கும். அடுத்தவரை மனத்தில் வைத்துப் பார்ப்பதே அன்பு என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இந்தச் சொல்லின் அரசாங்க வாழ்க்கை தனி. நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா ‘கன்சிடரேஷனுக்கு எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்’ என்ற தீர்மானத்தோடுதான் விவாதம் தொடங்கும். அரசியல் சட்டத்தின் 200ஆம் பிரிவின்படி ஆளுநர் ஒரு மசோதாவைக் குடியரசுத் தலைவரின் ‘கன்சிடரேஷனுக்கு’ ஒதுக்கி வைக்கலாம்; தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் அந்தப் பிரிவைப் பற்றி எவ்வளவு வழக்கும் வாதமும் நடந்தன என்பதைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள். ஒப்பந்தச் சட்டத்திலோ இதே சொல்லுக்கு முற்றிலும் வேறு பொருள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவு விளக்கும் ‘கன்சிடரேஷன்’ யோசனை அல்ல. ஒரு வாக்குறுதிக்கு ஈடாக மறுதரப்பு தரும் மறுபயன். அது இல்லாத உடன்படிக்கை, சில விலக்குகள் நீங்கலாக, செல்லாது என்கிறது 25ஆம் பிரிவு. பத்திரத்தில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு ‘பரிசீலனை’ என்று மொழிபெயர்ப்பவர் ஒரு குடும்பத்தின் சொத்தையே சிக்கலில் மாட்டிவிடக்கூடும்.

‘கான்டெம்ப்ளேட்’ இரண்டு முகம் கொண்டது. கடலையோ ஓவியத்தையோ நெடுநேரம் பார்த்துக்கொண்டு அமைதியாக ஆழ்வது ஒரு முகம். மற்றொன்றில் ‘இங்’ வடிவமோ கனமான பெயர்ச்சொல்லோ பின்னால் வரும்: பதவி விலகலை, மணமுறிவை, தற்கொலையை ‘கான்டெம்ப்ளேட்’ செய்வது. இந்த இரண்டாவது முகத்தை நம் பட்டியல்கள் காட்டுவதேயில்லை. மதியம் என்ன சாப்பிடலாம் என்பதை ‘கான்டெம்ப்ளேட்’ செய்வதாகச் சொன்னால் கேட்பவர் விளையாட்டாகச் சொல்வதாக எடுத்துக்கொள்வார். வாழ்க்கையைத் திருப்பிப்போடும் காரியங்களுக்கே அந்தச் சொல் பொருந்தும்.

‘டெலிபரேட்’ பெரும்பாலும் குழுவின் சொல். ஜூரி, ஆணையம், அமைச்சரவை, விருதுக்குழு ஆகியவை இதைச் செய்யும். இதே எழுத்துகளில் ஒரு பெயரடையும் உண்டு; கடைசி அசையைக் குறுக்கி ‘டெலிபரட்’ என்பார்கள். வேண்டுமென்றே செய்தது என்று பொருள். வினையில் நீட்டல், பெயரடையில் குறுக்கல். ஆசிரியர்கள் வகுப்பில் இதை வாய்விட்டுச் சொல்லிக்காட்டினால் ஒரே நாளில் பதிந்துவிடும். நிதானமாக யோசித்துச் செய்தான் என்பதும், வேண்டுமென்றே செய்தான் என்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது சட்டத்துக்கு இயல்பானது. யோசித்துச் செய்தவனுக்குப் பொறுப்பு கூடுகிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில், முன்யோசனையின்றித் திடீர்ச் சண்டையில் நிகழ்ந்த மரணத்துக்குத் தனி விலக்கு இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது.

‘மல்’ பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இந்தப் பொருளில் வழங்கத் தொடங்கியது. பேச்சில் ‘ஓவர்’ கூடவே வரும். இந்திய ஆங்கில நாளிதழ்களில் அதைத் தனியாகவே ஓட விட்டுவிட்டார்கள்: மத்திய அரசு தடையை ‘மல்ஸ்’, மாநகராட்சி கட்டண உயர்வை ‘மல்ஸ்’. ‘கன்சிடர்ஸ்’ என்பதற்குத் தலைப்பில் இடம் போதாது. ‘மல்ஸ்’ ஐந்தே எழுத்து. தலைப்பின் நெருக்கடி ஒரு சொல்லுக்குப் புதுப் புழக்கம் தந்திருக்கிறது. மாணவர்கள் அதைக் கட்டுரையில் அப்படியே எடுத்து எழுத வேண்டியதில்லை.

‘ரிஃப்ளெக்ட்’ என்பது பின்னால் வளைவது. ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதுபோல் மனம் தன்மேல் திரும்புவது. எதைப் பற்றி என்று சொல்லும்போது ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல்லே பெரும்பாலும் கூட வரும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தத்துவஞானி ஜான் லாக், மனத்துக்கு அறிவு வரும் இரண்டு வாசல்களில் ஒன்றாக இதைச் சொன்னார்: ஒன்று புலன்கள், மற்றொன்று மனம் தன் செயல்களைத் தானே கவனிப்பது. 1910இல் ஜான் டூயி கல்விக்குள் இதைக் கொண்டுவந்தார். 1983இல் டொனால்ட் ஷோன் எழுதிய நூலுக்குப் பின் மருத்துவம், செவிலியப் பணி, ஆசிரியப் பணி எல்லாவற்றிலும் இது ஒரு கடமையாகவே ஆகிவிட்டது. பிரிட்டனில் செவிலியர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது, தம் பணி அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து ஐந்து ‘ரிஃப்ளெக்டிவ்’ குறிப்புகள் எழுதித் தர வேண்டும். தமிழகத்திலிருந்து போய் அங்கே பணிபுரிபவர்களுக்கும் இதுவே விதி. இந்தியாவிலும் இரண்டாண்டு பி.எட். படிப்புக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த பாடத்திட்டத்தில் ‘ரீடிங் அண்ட் ரிஃப்ளெக்டிங் ஆன் டெக்ஸ்ட்ஸ்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. இந்தக் குறிப்புகளில் நடந்ததை மட்டும் வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. நடந்தது என்ன, நான் அப்போது என்ன நினைத்தேன், அடுத்த முறை என்ன மாற்றுவேன் என்ற மூன்றையும் அந்தச் சொல் கேட்கிறது.

‘மெடிடேட்’ தன் பழைய இடத்தைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற பிரெஞ்சுத் துறவி, மறைநூலை அணுகுவதற்கு நான்கு படிகள் வகுத்தார்: வாசித்தல், ‘மெடிடேஷன்’, வேண்டுதல், ‘கான்டெம்ப்ளேஷன்’. அங்கே ‘மெடிடேஷன்’ என்றால் வாசித்த வரியை அறிவால் துருவிப் பார்ப்பது. ‘கான்டெம்ப்ளேஷன்’ என்றால் சொல்லெல்லாம் ஓய்ந்து இறைவனில் லயிப்பது. நம் தியானம் இரண்டாவதற்கே பக்கத்தில் நிற்கிறது. ஆனால் இந்தியாவின் ‘தியான’த்தையும் பௌத்தத்தின் ‘ஜான’த்தையும் ஆங்கிலத்தில் சொல்ல ‘மெடிடேஷன்’ என்ற சொல்லே நிலைத்தது. அதனால் 1641இல் டேகார்ட் வெளியிட்ட தத்துவ நூலின் பெயரில் இருக்கும் ‘மெடிடேஷன்ஸ்’ என்பதைத் ‘தியானங்கள்’ என்று தமிழாக்கினால் வாசகர் கண்மூடி அமர்ந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வார். டேகார்ட் செய்தது எல்லாவற்றையும் ஐயப்பட்டது. ‘சிந்தனைகள்’ என்பதே அங்கே தகும்.

இனி தொழுவத்துக்கு வருவோம். ‘ரூமினேட்’ என்பது மாடு இரைப்பையிலிருந்து தீவனத்தை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மெல்வது. தமிழின் ‘அசைபோடு’ எழுத்துக்கு எழுத்து அதே படம். இடைக்காலத் துறவிகள் மறைநூல் வரிகளை வாய்க்குள் முணுமுணுத்துச் சுவைப்பதை இந்தச் சொல்லால் உயர்வாகவே சொன்னார்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உளவியல் அதன் நிறத்தை மாற்றிவிட்டது. சூசன் நோலன்-ஹோக்சிமா ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் மனநிலையைக் கேள்வித்தாள்களால் அளந்து வைத்திருந்தார். அதற்குச் சில நாட்களில், 1989 அக்டோபர் 17 அன்று, லோமா ப்ரியேட்டா நிலநடுக்கம் அந்தப் பகுதியைக் குலுக்கியது. அவர் அதே மாணவர்களை மறுபடி அளந்தார். தம் துயரத்தையும் அதன் காரணத்தையும் திரும்பத் திரும்ப எண்ணும் வழக்கம் முன்பே உடையவர்கள் நிலநடுக்கத்துக்குப் பின் கூடுதலாகச் சோர்வுற்றிருந்தார்கள். 1991இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பின் ‘ரூமினேஷன்’ உளவியல் நூல்களில் மனச்சோர்வை நீட்டிக்கும் பழக்கத்தின் பெயராகிவிட்டது. தமிழில் ‘பழைய நினைவுகளை அசைபோட்டேன்’ என்றால் இனிமை தொனிக்கிறது. அதை ‘ரூமினேட்’ என்று ஆங்கிலமாக்கி ஓர் உளவியலாளரிடம் சொன்னால் அவர் கவலைப்படுவார். படம் ஒன்றாக இருந்தும் சுவை எதிராகிவிட்ட இடம் இது. மொழிபெயர்ப்பாளர்கள் விழிப்பாக இருக்க வேண்டும்.

கோழியின் கதையும் அப்படியே. ‘ப்ரூட்’ என்றால் முட்டைமேல் உட்கார்ந்து அடைகாப்பது. மனக்குறையின்மேல் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆகிவந்தது. அதே செயலைக் குறிக்கும் இலத்தீன் சொல் ‘இன்குபேட்’. கிரஹாம் வாலஸ் 1926இல் எழுதிய நூலில், புதிய கருத்து பிறப்பதற்கு நான்கு கட்டங்கள் வகுத்தார்: ஆயத்தம், ‘இன்குபேஷன்’, ஒளி, சரிபார்ப்பு. இரண்டாம் கட்டத்தில் விஷயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும். மனம் அடியில் தானாக வேலை செய்யும் என்றார். ஒரே அடைகாத்தல் வீட்டுச் சொல்லில் வாட்டமாகவும், இலத்தீனில் படைப்பாகவும் ஆயிற்று. தமிழில் ‘மனத்துக்குள் அடைகாத்தேன்’ என்று ஓர் எழுத்தாளர் சொன்னால் வாலஸின் பொருள்தான் வரும்; ‘ப்ரூட்’ வராது. அதற்கு நம்மிடம் ‘மருகுதல்’, ‘குமைதல்’ இருக்கின்றன.

‘ஸ்லீப் ஆன் இட்’ என்ற பேச்சுவழக்குத் தொடரும் இந்த அடைகாத்தலுக்கு உறவு. இரவு கழியட்டும், காலையில் சொல்கிறேன் என்பது அதன் பொருள். 2006இல் ஆப் டைக்ஸ்டர்ஹாய்ஸ் என்ற டச்சு உளவியலாளர், சிக்கலான தேர்வுகளில் உட்கார்ந்து யோசித்தவர்களைவிடக் கவனம் வேறெங்கோ திருப்பப்பட்டவர்கள் நன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதியபோது அந்தத் தொடருக்கு அறிவியல் முத்திரை கிடைத்ததாகப் பலர் மகிழ்ந்தார்கள். 2015இல் வெளியான பெரிய மறுஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் அவசரத்தில் பதில் சொல்ல மறுக்கும் மரியாதையான வழியாக அந்தத் தொடர் நிலைத்திருக்கிறது. வேலை பேசும்போது சம்பளத்தை உடனே ஒப்புக்கொள்ள விரும்பாத இளைஞர் எவரும் இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

‘மியூஸ்’ பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கிரேக்கக் கலைத்தேவியரின் பெயரிலிருந்து இந்த வினை வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். பழைய பிரெஞ்சு வினை வழி வந்தது இது. மூக்கை உயர்த்திக்கொண்டு சும்மா நிற்பது அதன் தொடக்கப் பொருளாக இருக்கலாம் என்பார்கள். ‘அம்யூஸ்’ அதன் உடன்பிறப்பு. இலக்கின்றி, கொஞ்சம் கனவோடு நினைப்பதற்கு ‘மியூஸ்’. அலுவலகக் கடிதத்தில் அதற்கு வேலையில்லை.

தமிழிலும் யோசனைச் சொற்கள் இப்படித்தான் நகர்ந்திருக்கின்றன. ‘எண்’ என்பது கணக்கு, ‘எண்ணுதல்’ நினைப்பது. ஆங்கிலத்தின் ‘ரெக்கன்’ கணக்கிலிருந்து கருத்துக்கு வந்ததும் இதே வழியில். திருக்குறளில் ‘சூழ்ச்சி’ கலந்து ஆராய்வது. இன்று அது சதி. சங்க நூல்களில் ‘கவலை’ கிளைபிரியும் வழியையும் குறிக்கும். எந்தப் பாதையில் போவது என்று தெரியாமல் நிற்பவன் மனநிலையே பிறகு அதன் பொருளாக நின்றது. இந்திக்காரருக்குச் ‘சிந்தா’ கவலை. நமக்குச் சிந்தனை அறிவின் செயல். யோசனை துயரமாகச் சரிவதும், துயரம் யோசனையாகத் தெளிவதும் எல்லா மொழியிலும் நடக்கின்றன. தமிழில் இவற்றை நுணுக்கமாகப் பிரித்து ஆளத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதையே செய்ய முடியாமல் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் நாம் பட்டியலை மட்டும் கொடுத்ததுதான் காரணம்.

அமெரிக்காவின் ஜி.ஆர்.ஈ. தேர்வு 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல் கேள்விகளையும் சொல் ஒப்புமைக் கேள்விகளையும் கைவிட்டது. அவற்றுக்குப் பதில் முழு வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, அந்த இடத்தில் வைத்தால் ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களை ஆறிலிருந்து எடுக்கச் சொல்கிறது. வாக்கியத்துக்கு வெளியே இணைச்சொல் என்று எதுவும் இல்லை என்பதை அந்தத் தேர்வு ஒப்புக்கொண்டுவிட்டது. நம் நாட்டு ஆள்தேர்வுகளில் தனிச்சொல்லைக் கொடுத்து அதற்கு இணையைக் குறிக்கச் சொல்லும் கேள்வி இன்னும் வருகிறது. வினாத்தாள் அமைப்பவர்கள் அதை மாற்ற வேண்டும். அவர்கள் மாற்றும்வரை காத்திருக்காமல் ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம்: ஒவ்வொரு யோசனைச் சொல்லையும் அது செய்பவரோடும், செய்யப்படும் பொருளோடும், கூட வரும் முன்னிடைச்சொல்லோடும் சேர்த்து ஒரு முழு வாக்கியமாகவே கரும்பலகையில் எழுதுங்கள். முதல் ஆண்டில் ‘கன்சிடர்’, ‘ரிஃப்ளெக்ட் ஆன்’, ‘திங்க் ஓவர்’ மூன்றும் போதும். மற்றவை வாசிப்பில் தாமாக வந்து சேரும்.